குளிரில் குறி தவறுகிறதா? துளைகளைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

செப்டம்பரில் ஐந்து ரவையையும் ஒரு இருபது குரோனர் காசு மறைக்கிற இடத்துக்குள் போட்ட பிள்ளை, டிசம்பர் வந்ததும் அதே துவக்கோடும் அதே பெட்டி ரவையோடும் 50 மீட்டரில் திணறுகிறாள். "அப்பா, ரவை சரியில்லை" என்கிறாள். பயிற்றுநர் மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார். நமக்கோ குறிவளையத்தின் (துவக்கில் குறிபார்க்கும் வளையத்தின்) திருகைத் திருப்பத்தான் கை பரபரக்கும்.

திருப்பாதீர்கள். முதலில் தாளைப் பாருங்கள். குளிரில் வரும் ஒவ்வொரு பிழையும் தாளில் வேறு வேறு உருவத்தில்தான் விழும். துளைகளின் முழுக் கொத்தும் இடம் மாறியிருந்தால் ஒரு காரணம், கொத்து மேலும் கீழுமாக நீண்டிருந்தால் இன்னொரு காரணம், ஒரே ஒரு துளை மட்டும் தள்ளி நின்றால் அது வேறு கதை. இடம் மாறிய கொத்தைத்தான் திருகு சரிசெய்யும். சிதறிய கொத்தைத் திருகு ஒன்றும் செய்யாது. சிதறலைத் திருகால் துரத்தினால் பிப்ரவரி வரை துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நான் எழுதுவது பெரும்பாலும் பயாத்லானில், அதாவது ஸ்கீயில் ஓடி இடையிடையே இலக்கைச் சுடும் போட்டியில், பயன்படும் .22 என்ற சின்ன ரவையைப் பற்றி. நோர்வேயில் நம் பிள்ளைகள் பலர் இப்போது கழகங்களில் சேர்கிறார்கள், கேள்விகளும் அதைப் பற்றித்தான் வருகின்றன. வேட்டைத் துவக்கு வைத்திருப்பவர்களுக்குக் கடைசிப் பக்கமாகக் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன். சொற்களில் குழப்பம் வேண்டாம்: ரவை என்றால் முழுத் தோட்டா, சன்னம் என்றால் அதிலிருந்து பறந்து போகும் ஈயம் மட்டும்.

தொடங்கும் முன்: சோதிக்கிற முறை

குளிரை ரவை உணர வேண்டும். காரின் சூட்டிலிருந்து எடுத்து வந்த பெட்டியை அப்படியே திறந்து சுட்டால் நீங்கள் சோதிப்பது காருக்குள் இருந்த சூட்டைத்தான். 50 ரவை நெருக்கமாக அடுக்கிய பெட்டி உள்ளே வரை குளிர நேரம் எடுக்கும். ஒரு மணி நேரமாவது நிழலில் வெளியே வையுங்கள். துவக்கையும் உறையிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள். படுத்த நிலையில், தாங்கி வைத்து, பத்து ரவை ஒரே தாளில். ஐந்து போதாது. ஐந்தில் ஒன்று தவறினால் அது கையா ரவையா என்று சொல்ல முடியாது. தாளின் மூலையில் வெப்பநிலை, காற்றின் திசை, பெட்டியின் லாட் எண் (ஒரே தடவையில் தயாரான ரவைகளின் தொகுதி எண்) மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா அந்தக் குளிரில் எழுதாது.

கொத்து இறுக்கமாகவே இருக்கிறது, ஆனால் முழுதும் கீழே இறங்கியிருக்கிறது

இதுதான் குளிரின் நேரடிக் கையெழுத்து. பயப்பட ஒன்றுமில்லை.

ரவைக்குள் இருக்கும் வெடிமருந்து குளிர்ந்தால் மெதுவாக எரியும். மெதுவாக எரிந்தால் குழலுக்குள் அழுத்தம் குறையும், சன்னம் வேகம் குறைந்து வெளியேறும். பயாத்லான் ரவைகள் பெரும்பாலும் நொடிக்கு 320 முதல் 340 மீட்டர் வேகத்தில் கிளம்புபவை. அந்த வேகத்தில் 50 மீட்டர் போய்ச் சேர ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் பூமி அதைப் பன்னிரண்டு, பதின்மூன்று சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். குறிவளையம் அந்த இறக்கத்தை ஏற்கெனவே கணக்கில் வைத்திருக்கிறது. குளிரில் வேகம் நொடிக்கு 10 மீட்டர் குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், சன்னம் இன்னும் 8 மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே விழும். 20 மீட்டர் குறைந்தால் 16, 17 மில்லிமீட்டர்.

இது பெரிதா? படுத்துச் சுடும் இலக்கின் வட்டம் 45 மில்லிமீட்டர். நடுவிலிருந்து விளிம்புக்கு 22.5 தான். அதில் 16 மில்லிமீட்டரைக் குளிரே தின்றுவிட்டால் ஓடி வந்து மூச்சிரைக்கிற பிள்ளைக்கு மிஞ்சுவது கடுகளவு. நின்று சுடும் இலக்கு 115 மில்லிமீட்டர். அங்கே அதே இறக்கம் தெரியக்கூடத் தெரியாது. அதனால்தான் "நின்று நன்றாகச் சுடுகிறாள், படுத்தால்தான் தவறுகிறது" என்று பெற்றோர் குழம்புகிறார்கள். படுக்கும் முறையில் குற்றம் தேடுவதற்கு முன் தாளில் கொத்தின் நடு எங்கே என்று அளந்து பாருங்கள்.

இதற்குத்தான் திருகு. உங்கள் குறிவளையத்தில் திருகின் ஒரு கிளிக் 50 மீட்டரில் எத்தனை மில்லிமீட்டர் நகர்த்துகிறது என்று ஒரு தடவை சுட்டுப் பார்த்து எழுதி வையுங்கள். பிறகு கொத்தின் நடுவை அளந்து, அதற்குரிய கிளிக் மேலே. போட்டியன்று இதைப் போட்டிக்கு முன் கிடைக்கும் சரிபார்ப்பு நேரத்தில்தான் செய்ய வேண்டும். முந்தின நாள் மாலை மைனஸ் 6-ல் சரிசெய்ததைக் காலை மைனஸ் 16-ல் நம்பக் கூடாது.

காற்றும் கொஞ்சம் பங்கு எடுக்கும். 20 டிகிரியிலிருந்து மைனஸ் 15-க்கு வந்தால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 13 சதவீதம் கூடும். ஆனால் 50 மீட்டரில் இதன் விளைவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். மருந்தின் விளைவே பெரிது.

கொத்து மேலும் கீழுமாக நீண்டிருக்கிறது

இந்த ஒன்றில்தான் நான் அதிக நாள் செலவழித்திருக்கிறேன். அகலம் அப்படியே, உயரம் மட்டும் இரட்டிப்பு. துளைகள் ஏணிப்படி போல நிற்கும். அர்த்தம் ஒன்றுதான்: ஒவ்வொரு சன்னமும் வேறு வேறு வேகத்தில் போகிறது.

முதல் சந்தேகம் ரவைகளின் வெப்பநிலை ஒன்றாக இல்லை என்பது. ஒரு ஜனவரிச் சனிக்கிழமை, மைனஸ் 14, நோர்வேயின் ஷூஷோயன் என்ற ஊர்ப் பக்கத்தில் கழகப் பயிற்சி. மகளின் நான்கு மகசின்களில் (ரவை நிரப்பும் கூடுகளில்) இரண்டு துவக்கின் கட்டையில் செருகியிருந்தன. மற்ற இரண்டையும் கை விறைக்காமல் நிரப்பித் தரலாம் என்று என் ஜாக்கெட்டின் உள் பையில் வைத்திருந்தேன். பயிற்சி முடிந்ததும் தாளை முழங்காலில் விரித்து வைத்துப் பார்த்தோம். இருபது துளை. நடுவில் ஒரு விரல் வைக்குமளவு வெற்றிடம், மேலே ஒரு கொத்து, கீழே ஒரு கொத்து. மகள் பென்சிலால் இரண்டையும் தனித்தனியாக வட்டம் போட்டாள். ஒவ்வொரு வட்டமும் தனியாகப் பார்த்தால் அழகான கொத்து. எண்ணினோம்: மேலே பத்து, கீழே பத்து. என் பைச் சூட்டில் கிடந்த பத்தும் மேலே போயிருந்தன. அவளுடைய கையில் ஒரு பிழையும் இல்லை.

எங்கள் தலைமுறைக்குத் துவக்கு என்ற சொல்லே வேறு. மகள் அதை முதுகில் மாட்டிக்கொண்டு முதன்முதலாக ஸ்கீயில் நின்றபோது என் மனைவி கொஞ்ச நேரம் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு மகசின்களை எண்ணி, எல்லாவற்றையும் ஒன்றாக வெளியே குளிரவைப்பது என் மனைவியின் வேலை ஆகிவிட்டது. அவள் விடாப்பிடியாகச் செய்கிறாள்.

ஆகவே விதி இது: எல்லா ரவையும் ஒரே குளிரில். சூடாக வைக்க முயல வேண்டாம். ஒரு .22 ரவை மூன்று கிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். திறந்த காற்றில் சில நிமிடங்களில் குளிர்ந்துவிடும். சூட்டை உங்களால் காப்பாற்ற முடியாது, குளிரை எளிதாகக் காப்பாற்றலாம். தொடர் ஓட்டப் போட்டியில் கையால் போடும் மூன்று உதிரி ரவைகளுக்கும் இது பொருந்தும். அவற்றை உள்ளங்கையிலோ உள்பையிலோ வைத்திருந்தால் அந்த மூன்றும் மகசினில் இருந்தவற்றைப் போல விழாது.

எல்லாம் ஒரே குளிரில் இருந்தும் ஏணிப்படி நின்றால் அடுத்த சந்தேகம் ரவையே. .22 சன்னத்தின் வெளியே ஒரு மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கும். குளிரில் அது இறுகும். இறுகிய பூச்சு குழலுக்குள் ஒரு ரவைக்கு ஒரு விதமாக உரசும். விளிம்பில் இருக்கும் தீப்பற்றும் கலவையும் எல்லா ரவையிலும் ஒரே வீச்சில் தீயைக் கொடுக்காது. கோடையில் இந்தச் சின்ன வேறுபாடுகளை மருந்து மறைத்துவிடும், குளிரில் மறைக்காது. அதனால்தான் பயாத்லானுக்கென்றே குளிர்கால ரவைகளைத் தயாரிக்கிறார்கள். லாப்புவா நிறுவனத்தின் போலார் பயாத்லான் அப்படிப்பட்ட ஒன்று.

பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஒரே பெயருள்ள ரவையிலும் லாட்டுக்கு லாட் வேறுபடும், அதே லாட் இரண்டு துவக்குகளில் இரண்டு விதமாக நடக்கும். நாலைந்து லாட்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, மைனஸ் 10-க்குக் கீழே ஒரு நாள் சுட்டுப் பார்த்து, உயரம் குறைவாக நிற்கும் லாட்டில் மொத்தமாக வாங்குவதுதான் வழி. கோடையில் தேர்ந்த லாட்டைக் குளிருக்கும் சேர்த்து வாங்கிக் காசைக் கரியாக்கியவர்கள் எங்கள் கழகத்திலேயே பலர்.

காதையும் பயன்படுத்துங்கள். ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், மைனஸ் 15-ல் 322 தான். கோடையில் ஒலிக்குக் கீழே அமைதியாகப் போன அதே சன்னம், வேகம் கூடாமலேயே, குளிரில் ஒலிவேகத்தின் வாசலில் நிற்கிறது. ஒரே மகசினில் சில வெடிகள் மந்தமாகவும் சில சாட்டை சொடுக்கியது போலவும் கேட்டால், சில சன்னங்கள் ஒலியைத் தாண்டுகின்றன, சில தாண்டவில்லை என்று அர்த்தம். ஒலிவேகத்துக்கு அருகில் காற்றின் இழுவை சட்டென்று மாறும், அதனால் சிதறலும் கூடும். அந்த லாட்டைக் கோடைக்கு ஒதுக்கிவிடுங்கள். சிலர் இதற்கு மருந்தாக வேகமான ரவையைத் தேடுவார்கள். அது வேண்டாம். போட்டி விதியில் நொடிக்கு 380 மீட்டர்தான் உச்சம் என்பது ஒருபுறம். வேகமான ரவைக்குப் பக்கக் காற்றில் விலகலும் கூடும்.

முதல் சூடு மட்டும் தள்ளிப் போகிறது, மற்ற நான்கும் சேர்ந்து நிற்கின்றன

முந்தின நாள் குழலைத் துடைத்து எண்ணெய் விட்டீர்களா? அந்த எண்ணெய்தான். குழலுக்குள் எண்ணெய்ப் படலத்தோடு போகும் முதல் சன்னம் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, சரிபார்ப்பு நேரத்தில் பத்துப் பதினைந்து ரவை சுட்டால் சன்னத்தின் மெழுகே உள்ளே ஒரு சீரான படலமாகப் படியும்.

எண்ணெய் விடவே இல்லை, அப்போதும் முதல் சூடு தள்ளிப் போகிறது என்றால் குழலில் படிந்த மெழுகு ஓட்ட நேரத்தில் விறைத்திருக்கிறது. ஒவ்வொரு சுற்று ஓடிவிட்டு வரும்போதும் குழல் மறுபடி குளிர்ந்துதான் வரும். இதைத் திருத்த முடியாது. எப்போதும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளிப் போகிறதா என்று எழுதி வைத்து, பிள்ளைக்குச் சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் சரிபார்ப்பின்போது இரண்டு மகசினுக்கு நடுவே ஏழெட்டு நிமிடம் துவக்கைச் சும்மா குளிரவிடுகிறோம். அந்த இடைவெளிக்குப் பிறகு விழும் முதல் துளையைத் தனி நிறத்தில் குறிக்கிறோம். மூன்று, நாலு வாரத்தில் படம் தெளிந்துவிடும்.

பக்கவாட்டில் போகிறது

ரவையை விட்டுவிடுங்கள். குளிர் சன்னத்தைக் கீழே இறக்குமே தவிரப் பக்கவாட்டில் தள்ளாது. காற்றுக் கொடியைப் பாருங்கள், துவக்கு சாய்கிறதா என்று பாருங்கள், அப்புறம் விரல். பயாத்லானில் விசையை இழுக்கத் தேவைப்படும் எடை குறைந்தது 500 கிராம். விறைத்த விரலுக்கு அரைக் கிலோ எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. தொடுவதற்குப் பதில் பிடுங்கிவிடும். விரல் நுனி வெண்மையாக இருந்தால் சுடுவதை நிறுத்திக் கையைச் சூடாக்கச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

விசையை இழுத்தால் "கிளிக்", வெடி இல்லை

முதலில் பாதுகாப்பு. குழல் வாய் இலக்கைப் பார்த்தபடியே அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். தாமதித்து வெடிக்கும் ரவை குளிரில் அரிது, ஆனால் உண்டு. அதன்பிறகுதான் போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பூட்டை) திறக்க வேண்டும். பிள்ளைக்கு இதைப் பழக்கமாகவே ஆக்கிவிடுங்கள்.

வெளியே வந்த ரவையை, நன்றாக வெடித்த ஒரு வெற்றுக் கூட்டின் பக்கத்தில் வைத்து விளிம்பில் உள்ள ஊசித் தழும்பை (ரவையை வெடிக்கவைக்க ஊசி அடித்த தடத்தை) பாருங்கள். கண்ணுக்குத் தெரியும். வெடித்ததில் தழும்பு ஆழமாகவும், வெடிக்காததில் நகம் பட்டது போல மேலோட்டமாகவும் இருந்தால் குற்றம் துவக்குடையது. போல்ட்டுக்குள் இருக்கும் எண்ணெய் குளிரில் களிம்பாகி ஊசியின் வேகத்தைக் குடிக்கிறது. போல்ட்டைக் கழற்றி, எண்ணெயைக் கரைக்கும் திரவத்தால் கழுவி, நன்றாக உலர்த்தி, குளிர்காலத்துக்கான மெல்லிய எண்ணெயை ஒரு துளி தொட்டு விடுங்கள், அல்லது உலர்வாகவே விடுங்கள். கழற்றத் தெரியாவிட்டால் கழகத்தில் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஊசியின் சுருள் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான், அதைத் துவக்குப் பழுதுபார்ப்பவர் மாற்றித் தருவார்.

இரண்டிலும் தழும்பு ஒரே ஆழம் என்றால் குற்றம் ரவையுடையது. லாட் எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குக் கொண்டு போங்கள்.

வெடி வழக்கத்தைவிடச் சின்னதாக, "புஸ்" என்று கேட்டு, இலக்கில் துளையும் இல்லை என்றால் அடுத்த ரவையைச் சுடவே கூடாது. சன்னம் குழலுக்குள் சிக்கியிருக்கலாம். துவக்கைக் காலி செய்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கத்திலிருந்து பார்க்கும் வரை அந்தத் துவக்கு அன்றைக்கு ஓய்வு.

திடீரென்று ஒரு சூடு எங்கோ போகிறது, அல்லது குறியே தெரியவில்லை

விழுந்து எழுந்தாளா என்று கேளுங்கள். குழல் வாயில் பனி அடைத்திருந்தால் குறி கெடுவதோடு போகாது, குழலே வீங்கிக் கெட்டுப்போகும். பயாத்லான் துவக்குகளில் குழல் வாய்க்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் மூடிகள் இருப்பது இதற்காகத்தான். விழுந்த பிறகு வாயால் ஊதுவது கூடாது. மூச்சின் ஈரம் உள்ளே போய் உறையும், அதோடு குழல் வாய்க்கு நேரே முகத்தை எந்தக் காரணத்துக்காகவும் கொண்டுபோகக் கூடாது. குறி மங்கலாகத் தெரிந்தால் பெரும்பாலும் மூச்சுத்தான். கன்னத்தை வைத்ததும் வாயால் விடும் மூச்சு பின்குறியின் துளையில் படிகிறது. தாடையைச் சற்று விலக்கிக் கீழ்நோக்கி மூச்சு விடப் பழக்க வேண்டும்.

வேட்டைத் துவக்கு: 100 மீட்டரில் ஒரு சாண் தள்ளிப் போகிறது

இதை ரவைமேல் போடாதீர்கள். கணக்கு இடம் கொடுக்காது.

.308 ரவையை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 820 மீட்டரில் கிளம்புகிறது. வெப்பத்துக்கு எளிதில் மாறும் மருந்து என்றே வைப்போம், ஒரு டிகிரிக்கு நொடிக்கு 1 மீட்டர் குறைகிறது. 20-லிருந்து மைனஸ் 15 வரை 35 மீட்டர் போய்விட்டது. இவ்வளவு போன பிறகும் 100 மீட்டரில் இறக்கம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. 300 மீட்டரில்தான் 8 சென்டிமீட்டர் அளவுக்கு வரும், அடர்ந்த காற்று அதற்கு மேல் இன்னும் இரண்டு சேர்க்கும். வெப்பநிலைக்கு அசையாத மருந்துகளில், உதாரணமாக ஹாட்ஜ்டனின் வார்கெட் போன்றவற்றில், இதில் சிறு பங்குதான்.

நோர்வேயில் பெருவிலங்கு வேட்டைக்கு முன் கொடுக்கும் சுடும் தேர்வு 100 மீட்டரில், 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்து சூடு. அந்தத் தேர்வில் குளிரில் தோற்றுவிட்டு மருந்தைக் குறை சொல்ல முடியாது. தேட வேண்டிய இடங்கள் வேறு. ஸ்கோப்பின் பிடிப்புத் திருகுகள் தளர்ந்திருக்கலாம். மரக்கட்டை ஈரத்தில் உப்பிக் குழலைத் தொடலாம். ஒரு தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்துப் பாருங்கள், சிக்கினால் அதுதான். தடித்த ஜாக்கெட்டால் தோளில் துவக்கு உட்காரும் இடம் மாறி, கண் ஸ்கோப்பின் நடுவை விட்டு விலகியிருக்கலாம். கோடையில் மெல்லிய சட்டையோடு சரிபார்த்த துவக்கை, வேட்டைக்கு உடுத்தும் உடுப்போடு ஒரு தடவை மறுபடி சரிபாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும்

அடுத்த வாரத்துப் பிழைகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன. குளிர்ந்த துவக்கைச் சூடான வீட்டுக்குள் திறந்து வைத்தால் கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றியது போல வெளியிலும் உள்ளேயும் வியர்க்கும். அந்த நீர் போல்ட்டுக்குள் போய், அடுத்த முறை வெளியே எடுக்கும்போது உறைந்து ஊசியைப் பிடிக்கும். வெளியிலேயே காலி செய்து, உறைக்குள் வைத்து மூடி, உறையோடு உள்ளே கொண்டுவந்து, அறைச் சூட்டுக்கு அது வரும்வரை கண்ணெதிரே வைத்திருங்கள். எங்கள் வீட்டில் அது இரவுச் சாப்பாடு முடியும் நேரம். பிறகு உறையைத் திறந்து, போல்ட்டைக் கழற்றித் துடைத்து, குழலுக்குள் ஒரு உலர்ந்த துணி விட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். மிஞ்சிய ரவைகளை அதே லாட் எண்ணுள்ள பெட்டிக்குள்ளேயே திருப்பிப் போடுங்கள். இரண்டு லாட் ஒரு பெட்டியில் கலந்துவிட்டால் அந்தப் பெட்டியை வைத்து எந்தச் சோதனையும் செய்ய முடியாது.